விடுதியில் கட்டுமானப் பணியால் விடுமுறை கெட்டால்: வடசென்னை நுகர்வோருக்கான முழுமையான வழிகாட்டி

மே மாத விடுமுறைக்காக ஜனவரியிலேயே ஊட்டியிலோ ஏற்காட்டிலோ அறை பதிவு செய்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, குழந்தைகளோடு போய் இறங்கும்போது விடுதியின் முகப்பில் சாரம் கட்டியிருக்கிறது. மேல்மாடியில் டைல்ஸ் வெட்டும் மெஷின் ஓடுகிறது. இணையதளப் படத்தில் நீலமாகத் தெரிந்த நீச்சல் குளம் சிமென்ட் மூட்டைகளின் கிடங்காகியிருக்கிறது. ரிசப்ஷனில் கேட்டால், "ரெண்டு நாள்ல முடிஞ்சிடும் சார், பகல்ல நீங்க எப்படியும் சுத்திப் பார்க்கத்தானே போவீங்க" என்கிறார்கள். பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். பின்னால் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கான ஆதாரத்தில் பாதி அந்த நிமிடத்திலேயே கைநழுவிப் போகிறது.

வடசென்னையில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளோடும், மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம் வழியாக நடக்கும் மெட்ரோ பணிகளோடும் பழகிய காதுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வீட்டில் பொறுத்துக்கொள்ளும் இரைச்சலைக் காசு கொடுத்துப் போன இடத்திலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சட்டத்தின் அடிப்படை

விடுதி நடத்துபவர் தம் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் தவறல்ல. பணி நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தும் அதைச் சொல்லாமல் பணத்தை வாங்கியதுதான் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11), சேவைக் குறைபாடு என்பதற்குள், நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்துக்கு முன்பிருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வளவு தெளிவான வாசகம் இல்லை. முக்கியத் தகவலை மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று பிரிவு 2(28) சொல்கிறது. ஆகவே உங்கள் புகாரின் முதல் வரி "சத்தம் அதிகமாக இருந்தது" என்பதாக இருக்கக் கூடாது; "பணி நடப்பதை மறைத்து என்னிடம் பணம் பெற்றார்கள்" என்பதாக இருக்க வேண்டும். சத்தம் எவ்வளவு என்பதில் வாதம் செய்யலாம். சொன்னார்களா இல்லையா என்பதில் வாதத்துக்கு அதிக இடமில்லை.

எல்லா இரைச்சலும் வழக்காகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழாய் வெடித்ததால் ஒரு மணி நேரம் தரையை உடைத்தார்கள் என்றால் அது தவிர்க்க முடியாத பழுது. பக்கத்து மனையில் வேறொருவர் வீடு கட்டுகிறார் அல்லது சாலையை நெடுஞ்சாலைத் துறை தோண்டுகிறது என்றால், அந்தப் பணிக்கு விடுதி பொறுப்பல்ல; பல வாரங்களாகத் தெரிந்திருந்தும் "அமைதியான சூழல்" என்று விளம்பரம் செய்துகொண்டிருந்ததை நிறுவ முடிந்தால் மட்டும் அங்கே வலு கிடைக்கும். விடுதியின் சொந்த வளாகத்துக்குள், திட்டமிட்டு நடக்கும் பணியே வலுவான வழக்கு.

பதிவு செய்யும்போதே

மலைப்பகுதி விடுதிகள் கூட்டம் குறைந்த மழைக்காலத்தில் பராமரிப்புப் பணிகளை வைத்துக்கொள்வது இயல்பு. அந்தக் காலத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால், காரணத்தைக் கேட்டுவிடுவது நல்லது. பயனர் மதிப்புரைகளை மிகப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, கடந்த சில வாரங்களில் தங்கியவர்கள் தூசி, இடிப்பு, மூடிய நீச்சல் குளம், வேலை செய்யாத லிப்ட் ஆகியவற்றைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, விடுதியின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு கேள்வியை எழுத்தில் அனுப்புவது: "நாங்கள் தங்கும் தேதிகளில் உங்கள் வளாகத்தில் கட்டுமானம், புதுப்பித்தல், இடிப்பு, போர்வெல் ஆகிய பணிகள் ஏதேனும் நடக்குமா? நீச்சல் குளமும் உணவகமும் திறந்திருக்குமா?" "இல்லை, எல்லாம் திறந்திருக்கும்" என்று பதில் வந்தால், அது பிற்பாடு நீங்கள் நீட்டக்கூடிய எழுத்துபூர்வ உறுதிமொழியாகிவிடும். விடுதியின் பக்கத்தில் உள்ள படங்களையும் வசதிப் பட்டியலையும் பதிவு செய்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கிளம்பியதும் அந்தப் பக்கம் மாறிவிட வாய்ப்பு உண்டு.

போய் இறங்கிய முதல் சில மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாகவே இருக்கட்டும்.

வாய்வார்த்தையில் சண்டை போடுவதால் பயனில்லை. மேலாளரிடம் மரியாதையாகப் பேசிவிட்டு, பேசியதையே உடனே விடுதியின் எண்ணுக்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். இப்படி எழுதலாம்: "ஐயா, இன்று பிற்பகல் 2 மணிக்கு உங்கள் விடுதிக்கு வந்தோம். இரண்டாம் தளத்தில் இடிப்புப் பணி நடக்கிறது. இது பற்றிப் பதிவின்போது எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. பணி நடக்காத பகுதியில் அதே தரத்தில் வேறு அறை தாருங்கள். இயலாவிட்டால் இதே தரத்தில் வேறு விடுதியில் உங்கள் செலவில் இடம் ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் இயலாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். மாலை 5 மணிக்குள் பதில் வேண்டுகிறேன். எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமலே தற்போது அறையில் தங்குகிறோம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "தங்கினார்களே, அப்படியென்றால் ஏற்றுக்கொண்டார்கள்தானே" என்ற வாதத்துக்கு முன்கூட்டியே பதில் சொல்வது அதுதான்.

சரிசெய்ய அவர்களுக்கு ஒரு நியாயமான வாய்ப்பைக் கொடுத்தீர்கள் என்பது, பிற்பாடு வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் முன் உங்களுக்குப் பெரும் பலம். யாரிடமும் எதுவும் சொல்லாமல் மூன்று நாளும் தங்கி, சென்ட்ரலில் வந்து இறங்கிய பிறகு முதல் முறையாகப் புகார் எழுப்பினால், எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போகும் கேள்வி "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை" என்பதுதான்.

ஆதாரம் திரட்டுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. வீடியோவை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்: அறை எண் தெரியும் கதவில் தொடங்கி, உள்ளே போய், ஜன்னலை மூடிய நிலையில் கேட்கும் சத்தத்தைப் பதிந்து, பிறகு ஜன்னலைத் திறந்து பணி நடக்கும் இடத்தைக் காட்டி, தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லி முடிக்க வேண்டும். காலை, பிற்பகல், இரவு என வெவ்வேறு நேரங்களில் இதைச் செய்தால், "ஏதோ பத்து நிமிடம்தான்" என்ற மறுப்பு எடுபடாது. தேதியும் இடமும் படத்திலேயே பதியும் ஜிபிஎஸ் மேப் கேமரா செயலி உதவும். மூலக் கோப்பைக் கைப்பேசியிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் படம் சுருக்கப்படுவதோடு அதனுள் இருக்கும் நேரம், இடம் பற்றிய விவரங்களையும் இழந்துவிடுகிறது. டெசிபல் காட்டும் செயலியின் அளவு துணை ஆதாரமாக மட்டுமே நிற்கும்; அதையே நம்பி வழக்கைக் கட்டக் கூடாது.

இரவிலும் மெஷின் ஓடினால் அது வேறு விஷயம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். விடுதி அத்தகைய பகுதியில் இருந்தால் 112-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். காவலர் வந்தாலும் வராவிட்டாலும் அழைத்த பதிவு உங்களிடம் இருக்கும்.

பயணம் நடந்ததற்கான சான்றுகளையும் சேர்த்து வையுங்கள்: ரயில் டிக்கெட், டாக்ஸி ரசீது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்த இ-பாஸ். வீசிங் உள்ள பிள்ளைக்குத் தூசியால் மூச்சுத்திணறல் ஏற்பட்டு உள்ளூர் மருத்துவரிடம் போக நேர்ந்தால், மருந்துச் சீட்டும் பில்லும் இல்லாமல் வெளியே வராதீர்கள். அதே விடுதியில் தங்கியிருக்கும் மற்றக் குடும்பங்களின் தொடர்பு எண்களை வாங்கிக்கொள்வதும் நல்லது. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 35 வழி செய்கிறது.

செய்யக் கூடாத இரண்டு

முதலாவது, கோபத்தில் செயலியில் நீங்களே "கேன்சல்" பொத்தானை அழுத்துவது. அழுத்திய மறுநொடி அது வாடிக்கையாளரின் சொந்த விருப்பத்தில் நடந்த ரத்தாகப் பதிவாகி, ரத்துக் கட்டண விதி பொருந்திவிடும். வெளியேறுவதாக இருந்தால், சேவைக் குறைபாட்டின் காரணமாக வெளியேறுகிறோம் என்று விடுதிக்கும் பதிவுத் தளத்துக்கும் எழுதிவிட்டு, ரத்தை அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கிளம்பும்போது நீட்டப்படும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்திடுவது. ஒரு வேளை இலவசச் சாப்பாட்டுக்கோ ஆயிரம் ரூபாய் தள்ளுபடிக்கோ ஈடாக "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருக்கலாம். தரும் தொகையை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் "எதிர்ப்புடன், பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, அதைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். அடுத்த முறை வரும்போது பயன்படுத்த வவுச்சர் தருகிறோம் என்பார்கள். மணலி ஆலையிலோ துறைமுகத்திலோ ஷிப்டில் இருப்பவருக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டுமே ஊரைவிட்டு நகர முடிகிற காசிமேட்டுக் குடும்பத்துக்கும் அந்த "அடுத்த முறை" எளிதில் வாய்ப்பதில்லை. பணமாகக் கேளுங்கள்.

எவ்வளவு கேட்பது

கணக்கில் குளறுபடி செய்தால் நல்ல வழக்கும் பலவீனமாகிவிடும். கொருக்குப்பேட்டைக் குடும்பம் ஒன்று ஏற்காட்டில் நாள் வாடகை ரூ. 4,000 வீதம் மூன்று இரவுகள் பதிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை ரூ. 7,500 வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால், அவர்கள் கட்டியது ரூ. 12,600. முதல் இரவை எப்படியோ கழித்துவிட்டு, மறுநாள் காலையில் வேறு விடுதிக்கு மாறுகிறார்கள். அங்கே இரண்டு இரவுகளுக்கு வரியோடு ரூ. 11,550, மாறிப்போன டாக்ஸிக்கு ரூ. 600 ஆகிறது.

பயன்படுத்தாத இரண்டு இரவுகளுக்கு, வரி உட்பட ரூ. 8,400 திரும்ப வர வேண்டும். இரண்டாவது விடுதிக்குக் கூடுதலாக ஆன ரூ. 3,150-ஐ மட்டும் அதோடு சேர்த்துக் கேட்கலாம், ரூ. 8,400-ஐயும் ரூ. 11,550-ஐயும் சேர்த்துக் கேட்டால் ஒரே இழப்புக்கு இருமுறை பணம் கேட்பதாகும். டாக்ஸி ரூ. 600. தங்கிய முதல் இரவுக்கான ரூ. 4,200-இல் பாதி என்று ரூ. 2,100. ஆக நேரடி இழப்பு ரூ. 14,250. மன உளைச்சலுக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் இதற்கு மேல்.

மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. நுகர்வோருக்கு நேர்ந்த அலைக்கழிப்புக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1990-களிலேயே தெளிவாக்கிவிட்டது. இங்கிலாந்தில் 1972-இல் ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் வழக்கில், விளம்பரம் செய்தபடி விடுமுறை அமையாததால் ஏற்பட்ட ஏமாற்றத்துக்கே தனியாக இழப்பீடு தரப்பட்டது. ஆனால் பதினாலாயிரம் ரூபாய் இழப்புக்குப் பத்து லட்சம் கேட்கும் மனு நம்பகத்தன்மையை இழக்கிறது. நேரடி இழப்பின் அளவை ஒட்டிய, காரணம் சொல்லக்கூடிய தொகையையே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

யார் பொறுப்பு

பதிவுத் தளத்தைக் கேட்டால் "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விடுதியைக் கேளுங்கள்" என்பார்கள். விடுதியைக் கேட்டால் "பணம் எங்களிடம் வரவில்லை, தளத்தைக் கேளுங்கள்" என்பார்கள். இருவரையும், பேக்கேஜ் ஏற்பாடு செய்த டிராவல்ஸ் இருந்தால் அவர்களையும் சேர்த்தே எழுதுங்கள். மின்வணிக விதிகள், 2020-இன்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தில் விற்பனை செய்பவர், விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. "எந்தச் சூழலிலும் பணம் திரும்பத் தரப்படாது" என்ற சிறு எழுத்து நிபந்தனையைக் கண்டு பின்வாங்க வேண்டாம். வாடிக்கையாளர் மனம் மாறி ரத்து செய்வதற்குப் பொருந்தும் நிபந்தனை, விடுதியின் சொந்தக் குறைபாட்டுக்குக் கேடயமாகாது.

கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், விவரித்தபடி சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறும் முறை) கோரலாம். இதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் ஊர் திரும்பிய வாரமே எழுதிவிட வேண்டும். யுபிஐ-யில் அனுப்பிய பணத்தை இவ்வழியில் மீட்பது கடினம். வெளிநாட்டு விடுதியை நேரடியாகப் பதிவு செய்தவர்களுக்குச் சார்ஜ்பேக்கே நடைமுறையில் பலன் தரும் வழி. மண்ணடியிலோ பாரிமுனையிலோ உள்ள டிராவல்ஸ் மூலம் போனவர்கள் அந்த டிராவல்ஸ் மீது இங்கேயே புகார் செய்யலாம்.

ஊர் திரும்பிய பிறகு

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் புகார் பதியலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற்றுத் தருவார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சிறிய தொகைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் அங்கே புகார் நிலுவையில் இருப்பதால் வழக்குக்கான கால வரம்பு நின்றுவிடாது.

அடுத்தது எழுத்துபூர்வ அறிவிப்பு. இது சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும், அனுப்பியிருந்தால் வழக்கு வலுப்படும். நடந்தவை, இணைத்துள்ள ஆதாரங்கள், கோரும் தொகை, 15 நாள் அவகாசம் ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில் முடித்துவிடுங்கள். பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவு அஞ்சலில் ஒப்புகை வசதியோடு அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். விடுதியின் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரும் சட்டப்படியான நிறுவனப் பெயரும் வேறாக இருக்கலாம்; பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டால் சரியான பெயர் தெரியும்.

வடசென்னையிலேயே வழக்கு

பலர் வழக்கைக் கைவிடுவதற்குக் காரணம், விடுதி இருக்கும் ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டும் என்ற தவறான எண்ணம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்ய அனுமதிக்கிறது. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ வசிப்பவர் கொடைக்கானல் விடுதியின் மீது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். அது பார்க் டவுன் வ.உ.சி. நகரில் இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் எதுவும் கிடையாது.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பவங்களைத் தேதிவாரியாக எண்ணிட்ட பத்திகளில் எழுதி, ஆவணங்களைப் பட்டியலிட்டு, பிரமாணப் பத்திரத்தோடு, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதிவேற்றலாம். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி தேடுபவர்களுக்குப் பாரிமுனை தெரிந்த இடம்தான். பெண்களும், பட்டியலினத்தவரும், ஆலைத் தொழிலாளர்களும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆகவே பணம் கட்டியது கணவராக இருந்தாலும், சேவையைப் பெற்றவர் என்ற முறையில் மனைவியையும் புகார்தாரராகச் சேர்ப்பது பல குடும்பங்களுக்குப் பயன்படும்.

சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்துவிட வேண்டும். ஆணையத்தின் அறிவிப்பைப் பெற்ற எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் மட்டுமே நீட்டிக்கலாம். மூன்று மாதத்துக்குள் தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்து இறங்குங்கள். காணொளி வழியாக விசாரணையில் பங்கேற்க விண்ணப்பிக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் ஷிப்டை மாற்ற வேண்டியதில்லை. ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால், மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நேரடி இழப்புக்குக் கீழே இறங்க வேண்டாம்.

உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்து, எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய விரும்பினால், 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் உத்தரவிடப்பட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், அதே மாவட்ட ஆணையத்தில் பிரிவு 71-இன் கீழ் நிறைவேற்று மனுவும், பிரிவு 72-இன் கீழ் தண்டனை கோரும் மனுவும் தாக்கல் செய்யலாம். பிரிவு 72-இல் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ரூ. 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க இடமுண்டு.